கண்டவர் பெயர் கடைசியில்

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் மாவட்டப் பறவைச் சங்கத்தின் சஞ்சிகை தபாலில் வந்தது. பதினொன்றாம் பக்கத்தில் என் பெயர். நோர்வேக்கு வந்து முப்பத்து மூன்று வருடத்தில் என் பெயர் அச்சில் வந்தது இதுதான் முதல் தடவை. என் கணவர் அதைப் படம் எடுத்து உறவுக்காரர் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். நான் வாசித்து முடிக்க முதலே கனடாவிலிருந்து வாழ்த்து வந்துவிட்டது.

வாசித்து முடித்தபோது எனக்கு உச்சி வரைக்கும் கோபம் ஏறியது. அதில் போட்டிருந்தது இதுதான்: "எங்கள் உறுப்பினர் வதனி, யாழ்ப்பாணத்தில் விடுமுறையில் இருந்தபோது, உலகின் மிக அரிய கரைப்பறவைகளில் ஒன்றான கரண்டிமூக்கு உள்ளானை ஓர் உள்ளூர்வாசியின் உதவியுடன் கண்டுபிடித்தார்."

நான் கண்டுபிடித்தேனாம்! என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்தது தொலைந்த வீட்டுத் திறப்புக்கொத்து மட்டும்தான். அந்தப் பறவையை எனக்குக் காட்டினார்கள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்கள். அந்த 'ஓர் உள்ளூர்வாசி'க்கு ஒரு பெயர் இருக்கிறது. நஸீர். யாழ்ப்பாண நகரத்தில் தையல்கடை வைத்திருக்கிறார். ஒரு மனிதனின் பெயரை முழுதாக விழுங்கிவிட்டு என் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

சங்கத்துக்கு எழுதவேண்டியதை அவர்கள் மொழியில் தனியாக எழுதியிருக்கிறேன். இது ஊரில் உள்ளவர்களுக்கு. நீங்களும் கொஞ்சம் வாங்கிக்கட்ட வேண்டியிருக்கிறது.

2

முதலில் எனக்கு இந்தப் பறவைப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். கொக்குவிலில் இருந்த காலத்தில் காகத்துக்கும் குயிலுக்கும் மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. நோர்வேயில் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் பதினாறு வருடம் மீன் வெட்டினேன். வெட்டுமேசை அந்த நாட்டுக்காரரின் உயரத்துக்குச் செய்தது. நான் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று வெட்டினேன். மேசையின் உயரத்தைப் பதிக்கச் சொல்லி மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் ஒரு படிவம் தந்தார்கள். மேசை பதியவில்லை, என் முதுகுதான் போனது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு டொக்டர் தினமும் நடக்கச் சொன்னார். கடற்கரையில் நடந்தேன். ஒரு நாள் அங்கே வயதான தம்பதி ஒன்று தொலைநோக்கியை மூன்றுகால் ஸ்ராண்டில் பூட்டி எதையோ பார்த்துக்கொண்டு நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோகப் பார்த்தேன். அந்தப் பெண்மணி ஒன்றும் கேட்கவில்லை. எந்த நாடு, எவ்வளவு காலம், திரும்பிப் போவாயா, ஒன்றும் இல்லை. ஸ்ராண்டின் கால்களை என் உயரத்துக்கு இறக்கிவிட்டுத் தள்ளி நின்றார். அந்த நாட்டில் என் உயரத்துக்கு ஒன்றை இறக்கித் தந்த முதல் ஆள் அவர்தான். அன்றைக்கு நான் பார்த்தது ஒரு சாதாரணத் தாரா. ஆனாலும் வீட்டுக்கு வந்து அழுதேன்.

எல்லாரும் அப்படி இல்லை. இரண்டு வருடத்துக்கு முதல் எங்கள் தெருவில் ஒரு பழமரத்தில் அரிய குருவிக்கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஓடினேன். கால் மணித்தியாலத்தில் பொலிஸ் வந்து நின்றது. யாரோ ஒரு மகராசி யன்னலுக்குப் பின்னால் நின்று, வெளிநாட்டுப் பெண் ஒருத்தி வீடுகளை வேவு பார்க்கிறாள் என்று அறிவித்திருக்கிறாள். அதே தெருவில் இருபது வருடம் இருக்கிறேன்! பொலிஸ்காரப் பெடியனுக்கு அந்தக் குருவியின் பெயரை அவன் மொழியிலேயே சொன்னேன். அவனுக்குத்தான் அது என்னவென்று தெரியவில்லை.

3

இந்தத் தை மாதம் அண்ணையின் மகளுக்குக் கொக்குவிலில் கலியாணம். நான் பெட்டியில் நாலு பட்டுச்சேலையும் ஒரு பைனாகுலரும் கொண்டுபோனேன். பைனாகுலரைக் கண்ட உடனே அண்ணையின் மனைவி, என் மச்சாள், தொடங்கிவிட்டார்.

"நீர் கலியாணத்துக்கு வந்தனீரோ, கொக்குப் பார்க்க வந்தனீரோ?"

"ரெண்டுக்கும்தான்."

"உதைப் பார்த்து என்ன வரப்போகுது? ஊர்ச்சனம் என்ன கதைக்கும்?"

ஊர்ச்சனம் உண்மையாகவே கதைத்தது. வெளிநாட்டுக்காரி பைனாகுலரோடு கடலேரிப் பக்கம் திரிகிறாள், காணி பார்க்கிறாளாம். ஒரு தரகர் வீட்டுக்கே வந்துவிட்டார். பறவை பார்க்கிறேன் என்று சொன்னால், விலையைக் குறைக்க நடிக்கிறேன் என்று நினைக்கிறார். ஒரு பெண் ஒரு உயிரைச் சும்மா நின்று பார்க்க இந்த உலகத்தில் எங்கேயும் இடமில்லை போலிருக்கிறது.

சுன்னாகத்துச் சாந்தி ரீச்சரை எனக்கு இணையத்தில் பழக்கம். விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். நான் வந்து இறங்கிய அன்றே போன் எடுத்தார்.

"வதனியக்கா, நஸீர் நேற்று கரண்டிமூக்கனைக் கண்டவராம். ரெண்டு நிமிசம்தான். வாறீங்களோ?"

இதைக் கேட்டு என் கால் நிலத்தில் நிற்கவில்லை. கரண்டிமூக்கு உள்ளான், சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. சொண்டின் நுனி மட்டும் தேக்கரண்டி மாதிரி அகன்றிருக்கும். சைபீரியாவின் அந்தத்தில் முட்டையிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும். உலகத்தில் மிச்சம் இருப்பது மிகக் கொஞ்சம். இலங்கையில் அதைக் கண்டவர்களைக் கையில் எண்ணலாம். பக்கவாட்டில் பார்த்தால் அது சாதாரணச் சின்ன உள்ளான்தான். இருநூறு சின்ன உள்ளான் மேயும் சேற்றில் அதில் ஒன்றைத் தேடவேண்டும். நான் எட்டு வருடமாக அதற்கு ஏங்கிக்கொண்டிருந்தேன்.

இடத்தைச் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே நாலு வான் பிடித்து ஆட்கள் வந்து இறங்குவார்கள். கோப்பாய்க்கும் கடலேரிக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே மூன்று பேர் நின்றார்கள். ரீச்சர், கோப்பாயில் வெங்காயப் பயிர் செய்கிற வாசன், பிறகு நஸீர். நஸீருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், ஆறடி மனிதன், சட்டைப் பையில் தையல் நாடா. கலியாணக் காலம், கடையில் சட்டைத் துணி குவிந்து கிடந்திருக்கும். எனக்காகக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சட்டை எங்கையும் பறந்து போகாது அக்கா" என்றார்.

இரண்டு காலை தேடினோம். ரீச்சர் தன் சேற்றுச் சப்பாத்தை எனக்குத் தந்துவிட்டு வெறுங்காலோடு நின்றார். வாசன் தேத்தண்ணிப் போத்தலோடு வந்து முதல் கோப்பையை எனக்கே ஊற்றினார். இரண்டாம் நாள் நான் ஒன்றைக் கண்டு கத்தினேன். கத்தியது நோர்வேஜிய மொழியில். அந்தப் பறவையின் தமிழ்ப் பெயர் அவசரத்துக்கு என் வாயில் வரவில்லை. பிறந்த மண்ணில் நின்றுகொண்டு! மூன்று பேரும் ஆளுக்காள் குனிந்து நெடுநேரம் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"உது சேறு அப்பின மூக்கு அக்கா" என்றார் நஸீர், மெதுவாக. "நானும் போன வருசம் உதிலை ஏமாந்தனான்."

பிறகு ரீச்சர் என் காதுக்குள் சொன்னார், நஸீர் ஒரு நாளும் அப்படி ஏமாந்தவர் இல்லையாம். எனக்கு வெட்கமாக இருக்கக்கூடாது என்று சொன்ன பொய்யாம்.

மூன்றாம் நாள் கலியாணம். மாப்பிள்ளை வரும்போது ஆலாத்தி எடுக்கிற இரண்டு பேரில் நான் ஒருத்தி. ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை பகுதி வரும். ஏழு மணிக்கு நான் அரக்குப் பட்டுச்சேலை உடுத்து, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு நிற்கிறேன், போன் அடிக்கிறது. நஸீர்.

"அக்கா, நிக்குது. என்னால கண்ணை எடுக்கேலாது. வாசன் உங்கடை படலையடிக்கு வந்திட்டார். ஓடி வாங்கோ."

நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசனின் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். மச்சாள் பின்னால் நின்று கத்தியது சந்தி வரைக்கும் கேட்டது.

சேற்றுக்குள் கால் வைத்து நடந்துபோகிறேன். நஸீர் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடியே நிற்கிறார், பக்கத்தில் ரீச்சர். கண்ணை எடுத்தால் இருநூறில் அது கலந்துவிடும், பிறகு பிடிக்கேலாது. ஆறு மணியிலிருந்து அப்படியே நிற்கிறாராம். கிட்டப் போனபோதுதான் கவனித்தேன். ஸ்ராண்ட் என் உயரத்தில் இருந்தது. பறவையைக் கண்ட பிறகு ஸ்ராண்டை அசைக்கமுடியாது என்று, நான் வந்தால் பார்க்கவேண்டும் என்று, முதலிலேயே அதை என் உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறார். அந்த ஆறடி மனிதன் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முழங்காலை மடித்துக் குனிந்தே நின்றிருக்கிறார்.

"இப்ப நான் விலகிறன். கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு குனியுங்கோ. ஸ்ராண்டிலை கை படப்படாது. நடுவிலை நிக்கிறதைப் பாருங்கோ. மற்றதுகள் குத்துதுகள். உது துழாவுது."

துழாவியது. தலையைத் தாழ்த்தி, சொண்டை அங்கும் இங்கும் ஆட்டிச் சேற்றைத் துழாவிக்கொண்டே நடந்தது. பிறகு எங்கள் பக்கம் நேரே திரும்பியது. கரண்டி. அச்சொட்டான சின்னக் கரண்டி. எனக்குக் கண்ணீர் வந்து மை கரைந்தது. நஸீரின் ஒரு கண் செக்கச்செவேல் என்று சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

"கண்டிட்டீங்களோ?"

"கண்டிட்டன் தம்பி."

"வடிவாக் கண்டீங்களோ? அவசரமில்லை. திருப்பிப் பாருங்கோ."

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கலியாண வீட்டு வாசலில் நின்றேன். சேலைக் கரையில் முழங்கால் வரை சேறு. அதோடேயே ஆலாத்தி எடுத்தேன். வீடியோவில் வடிவாகத் தெரிகிறதாம். மச்சாள் இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. கதைக்காமல் இருக்கட்டும். அந்தக் கலியாணத்துக்கு வந்த நானூறு பேரில் ஒருத்தர்கூட எனக்காக அரை நிமிடம் முழங்காலை மடிக்கமாட்டார்.

4

இனி ஒரு கொப்பி விஷயம். இங்கேதான் எல்லாம் பிழைத்துப்போனது.

அவர்கள் மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு கொப்பி இருக்கிறது. அரிய பறவை ஒன்றைக் கண்டால் திகதி, இடம் எழுதி, கண்டவர்கள் எல்லாரும் பெயர் எழுதவேண்டும். அன்றைக்கு எல்லாரும் பார்த்து முடிந்ததும் ரீச்சர் கொப்பியை முதலில் என்னிடம் நீட்டினார். நான் மறுத்தேன், நஸீர்தானே கண்டவர் என்றேன். வாசன் சிரித்தார்.

"எங்கடை முறை வேறை அக்கா. கடைசியா வந்த ஆள் முதல் எழுதவேணும். முதல் கண்ட ஆள் கடைசியா."

"அது ஏன்?"

"மற்ற எல்லாரும் காணுமட்டும் கண்ட ஆள் பேரை எழுதேலாது. பேரை எழுதாமல் வீட்டை போகேலாது. அப்ப அவர் நிண்டு காட்டத்தானே வேணும்!"

எவ்வளவு நல்ல முறை என்று நினைத்தேன். நான் எழுதினேன், பிறகு வாசன், பிறகு ரீச்சர், கடைசியில் நஸீர். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

நோர்வேக்கு வந்து எங்கள் சங்கத்துக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். படிவத்தில் 'கண்டுபிடித்தவர்' என்று ஒரே ஒரு பெட்டி, அதற்குக் கீழே உறுப்பினர் இலக்கம். இலக்கம் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது. நஸீரின் பெயரை எழுதிப் பார்த்தேன். குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டது. இந்த நாடு முப்பத்து மூன்று வருடமாக என்னிடமும் இதைத்தான் கேட்கிறது.

என் மகன் ஆதவனைக் கூப்பிட்டேன். இருபத்தாறு வயது. தமிழ் விளங்கும், பதில் மட்டும் நோர்வேஜியத்தில் வரும். கொப்பியின் முறையை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவன் தட்டினான். முழுப்பக்கம் சொன்னேன். அவன் தட்டியது இரண்டு வரி. கொப்பியின் படத்தைச் சேர்த்தான், அந்தப் பெட்டியை வெறுமையாக விட வழி கண்டுபிடித்தான், அனுப்பிவிட்டான். நானும் வாசித்துப் பார்க்கவில்லை. வாசித்திருக்கவேண்டும்.

சஞ்சிகை வந்த பிறகு கேட்டேன், கொப்பியைப் பற்றிச் சொன்னது எங்கே போனது என்று.

"அது நீளம் அம்மா. யாரும் வாசிக்கமாட்டார்கள்" என்றான், அவன் மொழியில்.

நீளமாம். நஸீர் முழங்காலை மடித்து நின்ற நேரத்தில் இவன் அதைப் பத்துத் தரம் தட்டியிருக்கலாம்.

சங்கத்துக்குப் போன் எடுத்தேன். பதிவுகளுக்குப் பொறுப்பான மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் உங்கள் பெயர்தானே முதலில் இருக்கிறது, முதல் பெயர்தானே கண்டவர் என்றார். உலகம் முழுக்க அப்படித்தானாம். எங்கள் ஊரில் அப்படி இல்லை என்றேன். திருத்தவேண்டுமானால் கண்டவரின் முழுப்பெயரும் முகவரியும் அனுப்பச் சொன்னார்.

5

நஸீருக்குப் போன் எடுத்தேன். பின்னால் தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். நான் கத்தக் கத்த அவர் சிரித்தார்.

"விடுங்கோ அக்கா. குருவியைக் கண்டது கண்டதுதானே."

"விடமாட்டன். உங்கடை முகவரியைச் சொல்லுங்கோ."

இயந்திரம் நின்றது.

"எந்த முகவரி அக்கா? இருக்கிறது இங்கை. அடையாள அட்டையிலை புத்தளம்."

அப்போதுதான் சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை வெளிக்கிடச் சொன்னபோது அவருக்குப் பத்து வயது. புத்தளத்தில் வளர்ந்தார். சண்டை முடிந்ததும் திரும்பி வந்து, வாப்பாவின் உடைந்த வீட்டைத் திருத்தி, பதினைந்து வருடமாக இருக்கிறார். பதிவை மாற்ற ஓர் அலுவலகத்துக்கு எத்தனையோ தரம் நடந்துவிட்டார். முந்தி இங்கே இருந்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்களாம்.

"அத்தாட்சி எல்லாத்தையும் வீட்டோடை விட்டிட்டுத்தானே போனம். 'நீங்கள் புத்தளத்து ஆக்கள்தானே, பிறகென்ன' எண்டு கேக்கினம். போன மாசமும் கேட்டவை."

என் பாஸ்போட் நோர்வேப் பாஸ்போட். கொக்குவிலில் எந்த அலுவலகத்துக்குள் நான் போனாலும் கதிரை தருகிறார்கள். 'எங்கடை ஆள்' என்கிறார்கள். மூன்று கிழமை வந்து நின்று, தண்ணீரைக்கூடப் போத்தலில் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிற நான் எங்கடை ஆள். தினமும் அந்தச் சேற்றில் கால் வைக்கிற மனிதன் புத்தளத்து ஆள். இதை ஊரில் யார் கேட்டீர்கள்? யார் வாய் திறந்தீர்கள்?

நானும் திறக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். அந்த ஆண்டு எனக்கு இருபத்திரண்டு வயது. நகரத்தில் ஒரு முஸ்லிம் தையல்காரரிடம் சட்டைத் துணி கொடுத்திருந்தேன். சனம் பையும் கையுமாகப் போகிறது என்று கேள்விப்பட்டோம். ஐயா கதவைச் சாத்தச் சொன்னார், சாத்தினேன். அடுத்த கிழமை போய்ப் பார்த்தேன், கடை பூட்டிக் கிடந்தது. எனக்கு அப்போது வந்த கவலை என்ன தெரியுமா? என் சட்டைத் துணி போய்விட்டதே என்பது. அந்தத் தையல்காரர் எங்கே போனார், பிள்ளைகள் இருந்தார்களா, ஒன்றும் நினைக்கவில்லை. இவ்வளவு காலமும் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. நஸீரிடமும் சொல்லத் தைரியம் வரவில்லை.

"அக்கா, நிக்கிறீங்களோ?" என்றார் போனில்.

"நிக்கிறன்."

"அந்தப் புத்தகத்திலை என்னைப் பற்றி என்ன எண்டு போட்டிருக்கு? வாசியுங்கோ பாப்பம்."

எனக்கு நாக் கூசியது. ஆனாலும் தமிழில் சொன்னேன். ஓர் உள்ளூர்வாசியின் உதவியுடன்.

மறுமுனையில் கத்தரிக்கோலைக் கீழே வைக்கிற சத்தம்.

"என்னையோ?"

"ஓம் தம்பி. பேரைக்கூடப் போடாமல்..."

"பேர் கிடக்கட்டும் அக்கா. உள்ளூர் எண்டோ போட்டிருக்கு? யாழ்ப்பாணத்துக்கு உள்ளூர் எண்டு?"

"ஓம்."

"இன்னொருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன். அவர் குரல் மாறியிருந்தது.

"பதினைஞ்சு வருசமா ஒரு கடதாசியிலும் உப்பிடி எழுதினதில்லை அக்கா. என்னவும் திருத்துங்கோ. அதை மட்டும் அழிக்க விடாதேங்கோ. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கோ, அடுத்த கிழமை நான் ஒஃபிசுக்குக் கொண்டு போறன். நோர்வேக்காரனுக்கு விளங்கினது உங்களுக்கு விளங்கேல்லையோ எண்டு கேக்கப்போறன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

6

நேற்று ஆதவனைப் பக்கத்தில் இருத்தித் திருத்தக் கடிதம் எழுதினேன். இந்த முறை ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். ஒரு சொல்லையும் விழுங்க விடவில்லை. கொப்பியின் முறை முழுப்பக்கம் வந்தது. நஸீர் குனிந்து நின்றதும் வந்தது. அந்த இடத்தைத் தட்டும்போது பெடியன் கொஞ்சம் நிறுத்தினான்.

கண்டவர்: நஸீர். முகவரி: யாழ்ப்பாணம். 'உள்ளூர்வாசி' என்ற சொல்லைப் பெயருக்குப் பக்கத்தில் வைத்திருக்கவேண்டும், எக்காரணம் கொண்டும் நீக்கக்கூடாது என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

"உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என்ன போடுவது அம்மா?" என்று கேட்டான். "நீங்களும் அந்த ஊர்தானே? உங்களுக்கும் அதையே போடட்டுமா?"

ஆசைதான். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு மனிதன் பதினைந்து வருடமாக அலைகிறான். எனக்கு அதைச் சும்மா தந்துவிடுவார்கள்.

"வேண்டாம். வந்து போனவர் எண்டு போடு" என்றேன்.